பொம்மையில் விஷம்: பொறுப்பாளி யார்?

2025 பிப்ரவரி 1ந் தேதி பார்லிமெண்டில் சமர்ப்பிக்கப்பட்ட மத்திய பட்ஜெட்டில், இந்தியாவை உலகத்தின் பொம்மை உற்பத்திக் கேந்திரமாக ஆக்கப் போவதாக சர்க்கார் அறிவித்தது. பொம்மைத் தொழிலுக்கென்று ஒரு தேசியச் செயல் திட்டம் வரும் என்றும் சொல்லப்பட்டது. தொழில் பெருகட்டும், வேலையின்றித் தவிக்கும் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் வேலை கிடைக்கட்டும். இதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லப் போவதில்லை. ஆனால் ஆலை வாசல் திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஆலைகளில் செய்யப்படும் பொம்மை குழந்தைக்குத் தீங்கு செய்யாது என்பதற்கு யார் ஜவாப்தாரி?

பொம்மையை மற்றச் சரக்குகளோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. துணி வாங்குகிறவர் தொட்டுப் பார்க்கிறார். அரிசி வாங்குகிறவர் கையில் அள்ளிப் பார்க்கிறார். பொம்மைக்குக் காசு கொடுப்பவர் தகப்பனார். அதை உபயோகிப்பது குழந்தை. குழந்தைக்குப் பெட்டியின் மேல் அச்சடித்த எச்சரிக்கையை வாசிக்கத் தெரியாது. கையில் கிடைத்ததை வாயில் வைப்பதும், கடித்துப் பார்ப்பதும், பிய்த்து உள்ளே என்ன என்று பார்ப்பதும் அதன் சுபாவம். ஆகவே, "உபயோகிக்கத் தெரியாமல் உபயோகித்துவிட்டார்கள்" என்று கைகழுவும் உரிமை பொம்மை முதலாளிக்கு மட்டும் கிடையாது. குழந்தை என்னவெல்லாம் செய்யும் என்பதை முன்கூட்டி யோசித்துப் பொம்மையைச் செய்வதுதான் அந்தத் தொழிலின் முதல் கடமை.

இந்தக் கடமை எப்படித் தவறுகிறது, எந்த இடத்தில் தவறுகிறது என்பதை உலகத்துக்கே காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. அது 2007ம் வருஷம் அமெரிக்காவின் மேட்டல் கம்பெனியில் நடந்தது. மேட்டல் சாதாரணக் கம்பெனி அல்ல. பார்பி பொம்மை அதனுடையது. கைக்குழந்தைகளுக்கான ஃபிஷர்-பிரைஸ் சாமான்களும் அதனுடையவை. தரக் கட்டுப்பாட்டில் மற்றவர்களுக்கு வழிகாட்டி என்று தொழில் வட்டாரங்களில் அதற்குப் பெயர் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நடந்ததால்தான் அந்தப் பாடத்துக்கு மதிப்பு அதிகம்.

ஐந்து வாரம், 2 கோடி பொம்மை

2007 ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதல் அறிவிப்பு வந்தது. ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளில் 83 ரகங்கள், உலகம் பூராவிலும் சுமார் 15 லட்சம், திரும்ப எடுத்துக் கொள்ளப்படும் என்றார்கள். மேல்பூச்சுப் பெயிண்டில் சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் ஈயம் இருந்ததாம். ஆகஸ்ட் 14ந் தேதி இரண்டாவது அறிவிப்பு: 'கார்ஸ்' என்ற சினிமாவில் வரும் 'சார்ஜ்' என்னும் பொம்மை வண்டி 4 லட்சத்து 36 ஆயிரம், அதிலும் ஈயம். அதே நாளில், சிறு காந்தங்கள் கழன்று விழக்கூடிய பொம்மைகள் 1 கோடியே 82 லட்சம். செப்டம்பர் 4ந் தேதி மூன்றாவது அறிவிப்பு: ஈயப் பெயிண்ட் பூசிய பொம்மைகள் இன்னும் 8 லட்சத்துக்கு மேல். ஐந்து வாரத்துக்குள் 2 கோடிக்கு மேற்பட்ட பொம்மைகளை, "இவற்றைக் குழந்தைகளின் கையிலிருந்து வாங்கி விடுங்கள்" என்று கம்பெனியே சொல்ல நேர்ந்தது.

ஈயத்தின் கொடுமையைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். உடம்புக்குள் போன ஈயம் ரத்தத்தில் கலந்து மூளையையும் நரம்பையும் தாக்குகிறது. குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றுகிறது, கவனம் சிதறுகிறது, போனது திரும்பி வருவதில்லை. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களின் உடம்பு ஏற்பதைப் போல நாலைந்து மடங்கு குழந்தையின் உடம்பு ஏற்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அமெரிக்காவில் 1978 முதலே பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 600 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற சட்டம் அப்போது இருந்தது. ஆக, சட்டம் இருந்தது, விஞ்ஞானம் இருந்தது, சோதனைச் சாலையும் இருந்தது. இவ்வளவும் இருந்தும் ஈயம் பொம்மைக்குள் எப்படி வந்தது?

ஈயம் வந்த வழி

முதல் அறிவிப்பில் கண்ட பொம்மைகளைச் செய்தது சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஃபோஷான் நகரத்தில் இருந்த லீ டெர் என்ற ஒப்பந்த ஆலை. மேட்டலுக்கு அது புதிய ஆலை அல்ல. சுமார் 15 வருஷ உறவு. லீ டெருக்குப் பெயிண்ட் கொடுத்தது வேறொரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு மஞ்சள் நிறமித் தூள் தீர்ந்து போனபோது, அவசரத்துக்கு இன்னொரு வியாபாரியிடம் வாங்கிப் போட்டது. "ஈயம் இல்லை" என்று அந்த வியாபாரி கொடுத்த சான்றிதழ் போலியானது. சீன அதிகாரிகளின் விசாரணையில் வெளிவந்த கதை இதுதான்.

ஏன் மஞ்சள்? ஈயக் குரோமேட் என்பது பளிச்சென்று மின்னும் மஞ்சள் நிறமி. விலை மலிவு, அடியில் உள்ளதை ஒரே பூச்சில் மறைக்கும், வெயிலுக்கும் சீக்கிரம் மங்காது. ஈயமில்லாமல் அதே பளபளப்பு வேண்டுமென்றால் கூடுதல் காசு கொடுக்க வேண்டும். பெயிண்ட் வியாபாரியின் லாபம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

'சார்ஜ்' வண்டியின் கதையும் ஏறக்குறைய இதேதான். ஒப்பந்த ஆலை பெயிண்ட் பூசும் வேலையைத் துணை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் தள்ளியது. அவர் அங்கீகரிக்கப்பட்ட பெயிண்டை விட்டுவிட்டு வேறிடத்தில் வாங்கிய பெயிண்டைப் பூசினார். கம்பெனி, ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், பெயிண்ட் வியாபாரி, நிறமி வியாபாரி என்று கை மாறி மாறி வரும்போது, ஒவ்வொரு கையும் விலையில் கொஞ்சம் கிள்ளியது. பொறுப்பைக் கீழே தள்ளியது. கடைசியில் குழந்தையின் வாய்க்கு வந்து சேர்ந்தது ஈயம்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதும் கவனிக்கத்தக்கது. பிரான்ஸ் தேசத்துச் சில்லறை வியாபார நிறுவனம் ஒன்று, தான் வாங்கப் போகும் சரக்கைத் தன் செலவில் வெளிச் சோதனைச் சாலையில் சோதிக்கச் செய்தது. அங்கேதான் ஈயம் அகப்பட்டது. கம்பெனியின் சொந்தக் காவலைத் தாண்டி வந்த ஈயம் வெளியாள் காவலில் பிடிபட்டது!

விஷயம் வெளியானதும் நடந்தது என்ன? லீ டெர் ஆலையின் ஏற்றுமதி லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதத்திலேயே அந்த ஆலையின் முதலாளி தற்கொலை செய்து கொண்டார். உற்பத்தி நின்றது, தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும், "சீனச் சரக்கு விஷச் சரக்கு" என்று ஒரே கூச்சல் போட்டார்கள். கூச்சலில் ஒரு உண்மை அமுங்கிப் போயிற்று.

வரைபடத்தில் செய்த தவறு

திரும்ப எடுக்கப்பட்ட 2 கோடிச் சொச்சத்தில் 1 கோடியே 82 லட்சம் பொம்மைகளுக்கும் ஈயத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றின் குற்றம் காந்தம். சிறிய, ஆனால் வெகு வலுவான காந்தங்களை இந்தப் பொம்மைகளில் பொருத்தியிருந்தார்கள். விளையாடும்போது அவை கழன்று விழுந்தன. குழந்தை ஒரு காந்தத்தை விழுங்கினால் அது வெளியே வந்துவிடக் கூடும். இரண்டை விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பிலிருந்து ஒன்றும் அடுத்த மடிப்பிலிருந்து மற்றொன்றும் இழுத்து ஒட்டிக் கொள்ளுகின்றன. நடுவில் அகப்பட்ட குடல் சுவர் நசுங்குகிறது, ரத்த ஓட்டம் நிற்கிறது, ஓட்டை விழுகிறது. வெளிப்பார்வைக்குச் சாதாரண வயிற்று வலி மாதிரி இருக்கும். டாக்டருக்கே சட்டென்று புலப்படாது. 2005லேயே அமெரிக்காவில் வேறொரு கம்பெனியின் காந்தப் பொம்மையால் இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஒன்று இப்படி இறந்தது. மேட்டலும் 2006 நவம்பரில் தன் 'பாலி பாக்கெட்' பொம்மைகளை இதே காரணத்துக்காகத் திரும்ப எடுத்திருந்தது. அபாயம் தெரியாத அபாயம் அல்ல.

காந்தத்தை வரைபடத்தில் எங்கே வைப்பது, எப்படி இருத்துவது என்று தீர்மானித்தவர் எந்தச் சீனத் தொழிலாளி? யாருமில்லை. வரைபடம் கம்பெனியுடையது. 2007 செப்டம்பர் 21ந் தேதி பீகிங்கில் மேட்டலின் உலக உற்பத்திப் பொறுப்பாளரான உயர் அதிகாரி சீனத் தரக் கட்டுப்பாட்டு இலாகாவின் தலைவருக்கு எதிரே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். திரும்ப எடுத்த பொம்மைகளில் மிகப் பெரும்பான்மையானவற்றுக்குக் காரணம் தங்கள் கம்பெனியின் வடிவமைப்புக் குற்றமே, சீன ஆலைகளின் குற்றம் அல்ல என்று ஒப்புக்கொண்டார். குற்றச்சாட்டு கொட்டை எழுத்தில் வந்த அளவுக்கு மன்னிப்பு வரவில்லை.

இங்கிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. தரம் என்பதை ஆலையின் கடைசி மேஜையில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகரின் வேலை என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். நூறு பொம்மையில் இரண்டை எடுத்து முறுக்கிப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், சரியென்று முத்திரை குத்துவார். அந்த வேலை அவசியம்தான். ஆனால் பொம்மையின் தலையெழுத்து அந்த மேஜைக்கு வருமுன்பே எழுதப்பட்டு விடுகிறது. வரைபடம் போடுகிற அறையில் ஒரு பகுதி. மூலப் பொருள் வாங்குகிற ஆபீசில் ஒரு பகுதி. விலையும் கெடுவும் பேசுகிற இடத்தில் மிகப் பெரிய பகுதி. மேட்டல்கூட பிறகு செய்தது என்ன? ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வொரு தொகுதிப் பெயிண்டையும் உபயோகத்துக்கு முன் சோதிப்பது என்று அறிவித்தது. காந்தத்தைப் பொம்மைக்குள் பூட்டி இருத்தும் புதிய முறையை 2007 ஜனவரியிலிருந்தே கொண்டு வந்திருப்பதாகச் சொன்னது. செய்ய முடிந்த காரியங்கள்தான் இவை. முன்னாலேயே ஏன் எல்லா இடத்திலும் செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

35 சென்ட் கணக்கு

விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 1996ல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' பத்திரிகை ஒரு பார்பி பொம்மையின் விலையைப் பிரித்துக் காட்டியது. கலிபோர்னியாவில் கடையில் விலை 9 டாலர் 99 சென்ட். சீனாவை விட்டு ஏற்றுமதியாகும்போது அதன் மதிப்பு சுமார் 2 டாலர். அதில் சீனத் தொழிலாளரின் கூலிக்குப் போனது 35 சென்ட். 100க்கு மூன்றரை! மிச்சத்தில் பெரும் பகுதி போக்குவரத்து, விளம்பரம், மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம், கம்பெனி லாபம்.

ஒப்பந்த ஆலைக்காரர் நிலையில் நின்று பாருங்கள். பிளாஸ்டிக் விலை ஏறுகிறது. வாங்குகிற கம்பெனி விலையை ஏற்ற மறுக்கிறது. பண்டிகை விற்பனைக்குள் கப்பல் ஏற வேண்டும் என்று கெடு வைக்கிறது. அவர் எதில் கை வைப்பார்? கூலியில் வைப்பார், வேலை நேரத்தை நீட்டுவார், பெயிண்டை மலிவாகத் தேடுவார். கம்பெனி ஒரு கையில் தரக் கட்டளைப் புத்தகத்தை நீட்டுகிறது. இன்னொரு கையில் அந்தக் கட்டளையை நிறைவேற்ற முடியாத விலையை நீட்டுகிறது. முதல் கையைப் போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். இரண்டாவது கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த விலைக்குத் தொழிலாளிகள் என்ன கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெயிண்டில் ஈயம் இருந்தால் அதை முதலில் சுவாசிக்கிறவள் பொம்மைக்கு வர்ணம் தெளிக்கும் தொழிலாளிப் பெண். குழந்தையைத் தொடுவதற்கு முன்பே அந்த விஷம் அவள் நெஞ்சைத் தொட்டு விடுகிறது. இரண்டு பேரின் பத்திரமும் ஒன்றுதான். ஒன்றைக் கைவிட்ட ஆலை மற்றொன்றைக் காப்பாற்றும் என்று நம்புவது வீண்.

1993 மே 10ந் தேதி தாய்லாந்தில், பாங்காக்குக்கு அருகே நகோன் பாதோம் மாகாணத்தில் கேடர் பொம்மை ஆலை தீப்பிடித்தது. அன்னிய நாடுகளின் குழந்தைகளுக்காக பஞ்சு அடைத்த பொம்மைகள் செய்த ஆலை அது. 188 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் வாலிபப் பெண்கள். நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். துணியும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் கீழ்த் தளத்தில் குவிந்து கிடந்தன. தீ பிடித்த கட்டடத்தில் அபாய மணி ஒலிக்கவில்லை. வெளியேறும் வழிகளில் சில பூட்டிக் கிடந்தன. நெருப்பைத் தாங்கப் பூச்சு எதுவும் இல்லாத எஃகுத் தூண்கள் வளைந்து கட்டடமே சரிந்தது. ஜன்னல் வழியே குதித்தவர்கள் எத்தனையோ பேர். அதே வருஷம் நவம்பர் 19ந் தேதி சீனாவின் ஷென்ஜெனில் ஜிலி பொம்மை ஆலையில் தீ. 80க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மடிந்தார்கள். அங்கேயும் பூட்டிய கதவு. அங்கேயும் கம்பி போட்ட ஜன்னல். மே 10ந் தேதியைத் தாய்லாந்து இன்று தொழில் பாதுகாப்பு தினமாக அனுஷ்டிக்கிறது. தினம் கிடைத்தது, மாண்டவர்கள் திரும்பவில்லை.

கரடிப் பொம்மையின் கண் பிய்ந்து குழந்தையின் தொண்டையில் அடைக்குமா என்று இழுத்துப் பார்க்கும் இயந்திரத்துக்குச் செலவு செய்யத் தயங்காத தொழிலில், அந்தக் கண்ணைத் தைக்கும் பெண் வெளியே ஓடக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க ஆளில்லாமல் போனது!

சட்டம் வந்தது, ஓட்டையும் வந்தது

2007 சம்பவம் அமெரிக்க சர்க்காரின் யோக்கியதையையும் அம்பலப்படுத்தியது. சரக்குகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அந்நாட்டுக் கமிஷனில் 1980ல் ஏறக்குறைய ஆயிரம் ஊழியர்கள் இருந்தார்கள். "வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது" என்ற கோஷத்தின் கீழ் ஆட்குறைப்பு நடந்து, 2007ல் சுமார் 400 பேர் எஞ்சினார்கள். கடலெனக் குவியும் சரக்கைப் பார்க்க இவ்வளவே ஆட்கள்.

ஜனங்களின் கோபத்தால் 2008 ஆகஸ்ட் 14ந் தேதி புதிய சட்டம் வந்தது. பெயிண்டில் ஈயத்தின் வரம்பு 10 லட்சத்துக்கு 600 பங்கிலிருந்து 90 பங்காகக் குறைக்கப்பட்டது. குழந்தைகளுக்கான சரக்கை மூன்றாம் தரப்புச் சோதனைச் சாலையில் சோதிப்பது கட்டாயமாயிற்று. நல்ல சட்டம். ஆனால் நடைமுறை எப்படி? மரப் பொம்மை செதுக்கும் சிறு கைத்தொழிலாளி வெளிச் சோதனைக் கட்டணத்தை நினைத்து நடுங்கினான். மேட்டலோ, தன் சொந்தச் சோதனைச் சாலைகளிலேயே சோதித்துக் கொள்ள 2009ல் அதே கமிஷனிடம் அனுமதி பெற்றது! யாருடைய குற்றத்தால் சட்டம் வந்ததோ அவருக்குச் சலுகை. குற்றம் செய்யாதவருக்குச் சுமை.

தண்டனை? ஈயப் பெயிண்ட் விஷயத்துக்காக 2009ல் மேட்டலும் ஃபிஷர்-பிரைஸும் கட்டச் சம்மதித்த அபராதம் 23 லட்சம் டாலர். 2007ல் மேட்டலின் விற்பனை 597 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் அபராதம் சுமார் மூன்றரை மணி நேர விற்பனைக்குச் சமம். இதைத் தண்டனை என்று கம்பெனி நினைக்குமா? செலவுக் கணக்கில் ஒரு வரி என்று நினைக்குமா?

கம்பெனி பாடம் கற்றுக்கொண்டதா என்பதற்குப் பின்னால் நடந்ததே சாட்சி. அதே ஃபிஷர்-பிரைஸ் 2009 முதல் 'ராக் அண்டு பிளே' என்ற சாய்வுத் தொட்டிலை விற்று வந்தது. பச்சைக் குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்பது குழந்தை வைத்தியர்களின் அறிவுரை. சாய்வில் படுத்த குழந்தையின் தலை முன்னால் தொங்கினால் மூச்சுக் குழல் அடைபடும். 30க்கு மேற்பட்ட குழந்தைகள் அந்தத் தொட்டிலில் இறந்த செய்திகள் வந்த பிறகே, 2019 ஏப்ரலில் 47 லட்சம் தொட்டில்கள் திரும்ப எடுக்கப்பட்டன. விற்பனைக்கு விடுமுன் கம்பெனி போதிய ஆராய்ச்சி செய்யவில்லை என்று அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி 2021ல் அறிக்கை கொடுத்தது. ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி அபாயத்தை ஜனங்களுக்குத் தெரிவிக்குமுன் அந்தக் கம்பெனிக்கே முதலில் தெரிவித்து அதன் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பத்து வருஷம் தாய்மார்களுக்குத் தெரியாத ரகசியம் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் நாட்டில்

நம் நாட்டு நிலைக்கு வருவோம். 2006-07ல் டில்லி, மும்பை, சென்னை நகரங்களின் கடைகளில் வாங்கிய மிருதுவான பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள் அவற்றில் ஈயமும் காட்மியமும் கண்டார்கள். 2009 ஜனவரியில் சர்க்கார் சீனப் பொம்மைகளின் இறக்குமதியை ஆறு மாதத்துக்குத் தடை செய்து, மார்ச்சிலேயே தளர்த்தியது. 2019ல் இந்தியத் தர கவுன்சில் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதன் பின்னர் 2020ல் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மை எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே நமது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு ஆபத்தில்லை. உத்தரவை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் இரண்டு மயக்கங்களை விட்டொழிக்க வேண்டும். முதலாவது, அன்னியச் சரக்குதான் விஷம், சுதேசிச் சரக்கு அமிர்தம் என்ற மயக்கம். இறக்குமதி வரி 2020ல் 20 சதவிகிதத்திலிருந்து 60ஆகவும், 2023ல் 70ஆகவும் ஏறியது. வரி சரக்கைத் தடுக்கும், ஈயத்தைத் தடுக்காது. ஈயத்துக்கு ஜாதியும் இல்லை, தேசமும் இல்லை. மலிவு நிறமியை எந்த ஊர் வியாபாரி கலந்தாலும் குழந்தைக்கு ஒன்றேதான்.

இரண்டாவது, முத்திரை குத்தி விட்டால் பத்திரம் வந்துவிட்டது என்ற மயக்கம். லீ டெருக்கு வந்த நிறமிக்கும் சான்றிதழ் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். முத்திரைக்குப் பின்னால் ஆலைக்குள் பார்க்கும் கண் வேண்டும். இங்கே அந்தக் கண்ணையே மூடுகிறார்கள். 1948ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டப்படி மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2020ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இதை 20 பேராக்கியது. இன்ஸ்பெக்டரின் பெயரோடு 'உதவி செய்கிறவர்' என்ற பட்டமும் ஒட்டப்பட்டது. பொம்மைக்குப் பெயிண்ட் பூசுவது, கண் ஒட்டுவது, பஞ்சு அடைப்பது போன்ற வேலைகள் 15 பேர், 18 பேர் உள்ள சின்னக் கொட்டகைகளுக்குத் துணை ஒப்பந்தமாகப் போகக் கூடியவை. குவாங்டாங்கில் ஈயம் புகுந்த வாசல் துணை ஒப்பந்த வாசல்தான். அந்த வாசலை இங்கே அகலத் திறந்து வைத்துவிட்டு, முன் வாசலில் முத்திரையைத் தொங்கவிடுவது என்ன நியாயம்?

"சோதனை, கட்டுப்பாடு என்று ஆரம்பித்தால் சிறு தொழில் அழிந்துவிடும்" என்று சொல்லுவார்கள். சிறு தொழிலின் பெயரைச் சொல்லிப் பெரிய முதலாளி தப்பித்துக் கொள்ளும் பழைய வித்தை இது. சிறு தொழிலுக்கு உதவி செய்ய வழி இருக்கிறது. பொம்மைத் தொழில் நடக்கும் ஒவ்வொரு ஜில்லாவிலும் சர்க்கார் பொதுச் சோதனைச் சாலை வைக்கட்டும். சிறு உற்பத்தியாளரிடம் பெயரளவுக் கட்டணம் வாங்கட்டும். குழந்தையின் தொண்டையில் அடைக்கும் சிறு துண்டைக் கண்டுபிடிக்கும் அளவுக் குழாய், 31.7 மில்லி மீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன உருளைதான். துண்டு அதற்குள் அடங்கிவிட்டால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆகாது. இதைக் கையாள எஞ்சினியர் பட்டம் வேண்டியதில்லை. எந்தத் தொழிலாளியும் ஒரு நாளில் கற்றுக் கொள்ளலாம். கஷ்டம் கருவியில் இல்லை. "இது தேறவில்லை, இயந்திரத்தை நிறுத்துங்கள்" என்று அந்தத் தொழிலாளி சொன்னால், அவருடைய வேலை மறுநாள் நிலைக்குமா என்பதில்தான் கஷ்டம் இருக்கிறது.

காண்ட்ராக்ட் கூலியாக, சீட்டுக் கிழிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியவராக, உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவராக அவர் இருக்கும் வரையில் வாய் திறக்க மாட்டார். பெயிண்டின் வாசனை மாறியிருப்பது முதலில் தெரிவது அவருக்கு. காந்தத்தை ஒட்டிய பசை பிடிக்கவில்லை என்று தெரிவதும் அவருக்கு. ஆயிரம் சோதனைச் சாலைகளுக்கு முன்னால் ஆலைக்குள் அமர்ந்திருக்கும் பரிசோதகர் அவர். அவரைப் பயமுறுத்தி வாயடைத்து வைத்துவிட்டு, வெளியிலிருந்து சான்றிதழ் விலைக்கு வாங்குவதற்குப் பெயர்தான் இன்று தர நிர்வாகம்!

ஆகவே நாம் கோருவது இது:

1. பொம்மையின் மேல் பெயர் போடும் கம்பெனியே முழுப் பொறுப்பாளி என்று சட்டம் சொல்ல வேண்டும். "ஒப்பந்தக்காரர் செய்தார், துணை ஒப்பந்தக்காரர் செய்தார்" என்ற சாக்கு செல்லக் கூடாது. அபராதம் விற்பனையின் விகிதத்தில் இருக்க வேண்டும்.

2. பெயிண்ட், நிறமி, பிளாஸ்டிக் ஒவ்வொரு தொகுதியும் உபயோகத்துக்கு முன் சோதிக்கப்பட வேண்டும். எந்தப் பொம்மைக்கு எந்தத் தொகுதி போயிற்று என்று பதிவேடு இருக்க வேண்டும்.

3. புதிய பொம்மையின் வரைபடம் உற்பத்திக்குப் போகுமுன், குழந்தை அதைக் கடித்தால், பிய்த்தால், விழுங்கினால் என்ன ஆகும் என்ற ஆராய்ச்சி எழுத்தில் இருக்க வேண்டும்.

4. கம்பெனிக்கு வரும் புகார்களும், குழந்தைகளுக்கு நேர்ந்த விபத்துக்களும் கம்பெனியின் சம்மதத்துக்குக் காத்திராமல் பிரசுரிக்கப்பட வேண்டும்.

5. 10 பேர் வேலை செய்யும் கொட்டகை வரை தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சோதனையிட அதிகாரமும் போதிய எண்ணிக்கையும் உள்ள இன்ஸ்பெக்டர்கள் வேண்டும். வெளியேறும் கதவு எதுவும் வேலை நேரத்தில் பூட்டப்படக் கூடாது.

6. ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் கமிட்டி வேண்டும். குறை கண்டால் உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் உரிமையும், அப்படிச் சொன்னவரை வேலையிலிருந்து நீக்க முடியாதென்ற காப்பும் வேண்டும்.

இவற்றில் எட்டாத கோரிக்கை எதுவும் இல்லை. மேட்டலே காலந்தாழ்ந்து செய்தவை சில. மற்றவற்றுக்கு மறுப்புச் சொல்ல லாபக் கணக்கைத் தவிர வேறு காரணம் கிடையாது. பொம்மைத் தொழிலை வளர்க்க வரிப்பணத்திலிருந்து உதவி கொடுக்கப் போகிறார்கள் அல்லவா? அந்த உதவிக்கு இவற்றை நிபந்தனையாக வைக்கட்டும். தாய்மார்களும், பொம்மை ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்து நின்று இதைக் கேட்க வேண்டும். கேட்கும் நியாயம் இருவருக்கும் இருக்கிறது. பல வீடுகளில் அந்த இருவரும் ஒருவரேதான்.